எழுதுகிறவன் வண்டி கடைசி

முதலில் வந்தவன் முதலில் போகணும். இந்த ஒரு வரியை வைத்துத்தான் இருபத்தேழு வருஷமாகச் சோறு தின்கிறேன். கம்பத்திலிருந்து கேரளா ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளுக்கு டர்ன் எழுதுகிறவன் நான். காலை நாலரை மணிக்கு ஸ்டாண்டில் நோட்டோடு போய் உட்காருவேன். எந்த வண்டி முதலில் வந்து நிற்கிறதோ அதன் நம்பர் முதல் வரியில். அடுத்து வந்தது அடுத்த வரியில். சொந்தக்காரன், கட்சிக்காரன், சங்கத்துத் தலைவர், யாராக இருந்தாலும் எழுதின வரி மாறாது. ராஜா முகமது என்கிற என் பேர் பாதி டிரைவர்களுக்குத் தெரியாது. 'டர்ன் பாய்' என்று கேளுங்கள், வண்டன்மேடு வரைக்கும் வழி சொல்வார்கள்.

அப்படிப்பட்டவனைத் தேனியில் ஒரு ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வாசலில் ஒரு நாள் மணிக்கணக்காக உட்காரவைத்தார்கள். உடம்பில் அடிபட்டது காலையில். மனசில் அடிபட்டது அங்கேதான்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். ரெண்டாம் நடைக்கு யார் முன்னால் என்று ரெண்டு டிரைவர்களுக்குள் வாய்த்தகராறு. விலக்கிவிடப் போனேன். ஜீப்பின் பின்படியில் கால் வைத்தவன் வழுக்கி, மண்டை இரும்புக் கம்பியில் மோதி, கீழே விழுந்தேன். எழுந்து உட்கார்ந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். "பெரிசா ஒண்ணுமில்ல. எதுக்கும் தேனிக்குப் போயி தலைய ஸ்கேன் பண்ணிருங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

ஒச்சாண்டி என்று ஒரு டிரைவர், நல்ல பையன், ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றான். "ஏறுங்க பாய், நான் கொண்டுபோயி விடுறேன்" என்றான்.

"ஏலே, நீ மூணாவதா நிக்கிற. டர்ன் போயிரும்ல. பேசாம போயி வரிசையில நில்லு."

"டர்னு கெடக்கட்டும் பாய், தலையில ரத்தம் வந்துருக்கு."

"ரத்தந்தான் நின்னுபோச்சே" என்று சொல்லிவிட்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டும்வரை ஜன்னலோரத்துக் காற்று நன்றாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு மேஜை. அதில் ஒரு நர்ஸம்மா. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் நாகஜோதி என்று இருந்தது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். சொன்னேன்.

"கூட யாரு வந்திருக்காக?"

"டீ குடிக்கப் போயிருக்கான்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. யாரும் வரவில்லை என்று சொன்னால் அடுத்து ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு நாலு வருஷத்துக் கதை சொல்லவேண்டியிருக்கும்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீக?"

"பிரஷருக்கு ஒண்ணு."

"வேற? ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு, ஹார்ட்டுக்கு, அந்த மாதிரி?"

"இல்லம்மா."

அது ரெண்டாவது பொய். போன வருஷம் மதுரையில் நெஞ்சுக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் இளகுகிற மாத்திரை அன்றிலிருந்து தினமும் உண்டு. ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் 'பாய்க்கு முடியல, நோட்ட வேற ஆளுக்கு குடுங்க' என்று சங்கத்தில் ரெண்டு பேர் கிளம்புவார்கள். என் வீட்டுக்காரி அம்சத் பீவி மௌத்தாகி ஆறு வருஷம் ஆகிறது. அவள் போனபிறகு எனக்கு அந்த நோட்டுதான் வீடு. அதையும் பிடுங்கிவிட்டால் காலை நாலரை மணிக்கு எழுந்து நான் எங்கே போவேன்?

நர்ஸம்மா என் மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டினாள். "சிகப்புன்னா உடனே பாப்பாக. மஞ்சள்னா கொஞ்ச நேரத்துல. பச்சைன்னா காத்திருக்கணும். ஆனா நல்லாக் கேட்டுக்கங்க அய்யா. வாந்தி வந்தாலோ, தலைவலி கூடுனாலோ, தூக்கம் அமுக்குனாலோ அங்கனயே உக்காந்திருக்கக் கூடாது. அடுத்த நிமிஷம் இந்த மேஜைக்கு வரணும். தலையில அடி, வெளையாட்டு இல்ல" என்றாள்.

தலையாட்டினேன். நன்றாகக் கேட்டுக்கொண்டேன். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததுக்கு ஆஸ்பத்திரியின் மேல் பழி போடுகிறவன் நானில்லை.

பச்சைப் பட்டைக்காரர்களுக்கு ஒரு கூடம். இரும்பு நாற்காலிகள். மணி பத்தரை. எனக்கு முன்னால் மூணு பேர் இருந்தார்கள், ஆக நான் நாலாவது. எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பழக்கம்.

பத்து நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சரில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பைக் விபத்து. சரி, அதை ஒத்துக்கொள்ளலாம். பிறகு வாயில் நுரை தள்ளின ஒருத்தர். அதையும் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பதினொன்றரைக்கு ஒருத்தர் வந்தார் பாருங்கள். வெள்ளை வேட்டி, கையில் போன், சொந்தக்காலில் நடந்து வந்தார். போனில் வாழைத்தார் விலை பேசிக்கொண்டே வந்தார். என்னவோ நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மஞ்சள் பட்டையைக் கட்டி உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வந்து அஞ்சு நிமிஷம்கூட இல்லை. எனக்கு உச்சந்தலையில் தையல் போட்ட இடம் தெறித்தது.

"பாத்தீகளாய்யா?" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மா. ஊர் வடுகபட்டி. வெள்ளைப்பூண்டு மண்டியில் பூண்டு தரம் பிரிக்கிற வேலை. கருத்தம்மாள் என்று பேர். காலில் ஆணி ஏறிச் சீழ் பிடித்து, பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. "நான் எட்டு மணிக்கு வந்தேன். என்னையத் தாண்டி ஒம்பது பேரு போயிட்டாக. கேட்டா பச்சைங்கிறாக. நான் என்ன மொளகாயா, பச்சை செகப்புன்னு பிரிக்கிறதுக்கு?"

அந்தப் பக்கம் ஓடைப்பட்டி பால்பாண்டி. திராட்சைப் பந்தலில் கம்பி கட்டும்போது விழுந்து கை முறிந்தவன். இருபத்தஞ்சு வயசிருக்கும். துண்டில் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தான். "கேக்க ஆளில்ல பாய். ஆளு தெரிஞ்சவன் உள்ள போறான்" என்றான்.

ஆளுக்கொரு புகார். ஆனால் யார் முதல், யார் ரெண்டாவது என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவர்களுக்குள்ளேயே 'நான் முந்தி வந்தேன்' 'நீ பிந்தி வந்தே' என்று முணுமுணுப்பு. எனக்குக் கை சும்மா இருக்குமா? நோட்டை எடுத்தேன். வண்டி நம்பர்கள் எழுதின பக்கத்தைத் திருப்பி, புதுப் பக்கத்தில் கோடு போட்டேன்.

"வந்த நேரத்தச் சொல்லுங்க. பொய் சொல்லாம சொல்லுங்க" என்றேன்.

கால்மணி நேரத்தில் பதினாலு பேர் வரிசையாகிவிட்டார்கள். கருத்தம்மாள் முதல். பால்பாண்டி ஆறாவது. கூடத்தில் இருந்த இரைச்சல் பாதியாகக் குறைந்தது. கருத்தம்மாள் மடியிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "இப்பத்தான்யா மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கு. முன்னமே வந்திருக்கப்படாதா நீரு?" என்றாள். அன்றைக்கு என்னைப் பார்த்து ஒருத்தர் சந்தோஷப்பட்டது அதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

பால்பாண்டி நோட்டை எட்டிப் பார்த்தான். "பாய், நீங்க நாலாவதா வந்தீகன்னு சொன்னீக. உங்க பேரு கடைசியில இருக்கு?"

"எழுதுறவன் வண்டி கடைசிப்பா" என்றேன்.

ஸ்டாண்டில் அதுதான் வழக்கம். டர்ன் எழுதுகிறவனுக்கோ அவன் வீட்டாளுக்கோ ஜீப் இருந்தால், அது எத்தனை மணிக்கு வந்து நின்றாலும் கடைசி வரியில்தான் எழுதணும். புதுசாக ஒரு வண்டி வந்தால், அதை முன்னால் எழுதிவிட்டு நம் வண்டியை மறுபடி கீழே இறக்கணும். அப்போதுதான் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். எனக்கு முன்னால் எழுதினவரும் அப்படித்தான். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலும் புதுசாகப் பச்சைப் பட்டையோடு வந்தவர்களை எழுதி எழுதி என் பேரைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன்.

என் மகன் ஆரிப் ஒரு ஜீப் வாங்கினான். TN 60, 4417. பச்சைக் கலர். மூணு வருஷம் அந்த ஸ்டாண்டில் ஓட்டினான். மூணு வருஷமும் கடைசி. கடைசி வண்டி தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது வேலை தொடங்கியிருக்கும். கங்காணி பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவான். அதனால் பொம்பளைகள் அவன் வண்டியில் ஏறவே யோசித்தார்கள். அவன் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள் கேட்டான். பேத்தி சானியாவுக்கு அடிக்கடி வலிப்பு வந்துகொண்டிருந்த சமயம். மதுரையில் பெரிய டாக்டர் ஒருத்தரிடம் மூணு மாசம் காத்திருந்து நேரம் வாங்கியிருந்தான். "அத்தா, இன்னைக்கு மட்டும் முதல் நடைக்கு விடுங்க. போயிட்டு வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போகணும். முடியலத்தா" என்றான். ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருந்தது.

"உன் டர்ன் வரலப்பா" என்று சொன்னேன். நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

அன்றைக்கு மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து, அவன் கீழே வந்து சேரும்போது சாயங்காலம். டாக்டர் போய்விட்டார். புள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, பிறகு வேறு ஒருத்தரிடம் காட்டி இப்போது நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி. கேள்விதான். ஆரிப் ஜீப்பை விற்றுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையோடு கட்டப்பனைக்குப் போய்விட்டான். அங்கே யாரோ ஒருத்தரின் ஜீப்பை ஓட்டுகிறான். நாலு வருஷமாகப் பேச்சில்லை. ஸ்டாண்டில் எல்லாரும் "பாய் மகனுக்கே வரிய மாத்தாத மனுசன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் நர்ஸம்மா கூடத்துக்குள் வந்தாள். அரைமணிக்கு ஒரு தடவை வந்து ஒவ்வொருத்தராகப் பார்த்துவிட்டுப் போவாள். நான் நோட்டை நீட்டினேன். "ஏம்மா, வந்த வரிசையா எழுதிருக்கேன். இதப் பாத்துக் கூப்பிடுங்க. உங்களுக்கும் லேசு" என்றேன்.

அவள் நோட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சிரித்தாள். காலையிலிருந்து உட்காராதவளின் சிரிப்பு. "எழுத்து அழகா இருக்குய்யா. ஆனா இத வச்சு இங்கன கூப்பிட முடியாது" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "தலைவலி எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

மூணாவது பொய். தலைக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு தேங்காய் உரிப்பது மாதிரி இருந்தது.

"கூட வந்தவரு இன்னும் டீ குடிக்கிறாரா?"

"வந்துருவான்மா" என்றேன். அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு மணிக்குக் கக்கூஸுக்குப் போனேன். அங்கே வாந்தி வந்தது. ரெண்டு தடவை. முறுக்கு, காலையில் குடித்த டீ, எல்லாம் போயிற்று. வாயைக் கொப்புளித்துவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸம்மா சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருந்தது. வாந்தி வந்தால் அடுத்த நிமிஷம் மேஜைக்கு வரணும். கதவிலிருந்து மேஜை இருபது அடி. நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். போனால் உடனே உள்ளே கூப்பிடுவார்கள். நான் எழுதின பத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வரிசை எழுதினவனே வரிசையைத் தாண்டிப் போனான் என்று ஆகிவிடும். ஒன்று அது. இன்னொன்று, கூட வந்தவரைக் கூப்பிடு என்பார்கள். யாரைக் கூப்பிடுவேன்? ஆஸ்பத்திரியில் ஒருத்தன் செத்துக்கூடப் போகலாம், ஆள் இல்லாதவன் என்று தெரிவதுதான் அவமானம். அப்படித்தான் அப்போது எனக்குத் தோன்றியது. தலையில் அடிபட்டவன் யோசனை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அடிபடுவதற்கு முன்னாலும் என் யோசனை அதுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்து போனை எடுத்தேன். பேர்ப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனேன். என் போனில் பேரே கிடையாது. எல்லாம் வண்டி நம்பர். 2208, 3190, 6051. யார் எந்த வண்டி என்று எனக்கு மனப்பாடம், பேர் எதற்கு? இருநூற்றுச் சொச்சம் நம்பர். இவர்களில் எவனைக் கூப்பிட்டாலும் வருவான். வந்தால் அவன் டர்ன் போகும். 4417 வந்தது. வண்டியை விற்று நாலு வருஷம் ஆகியும் நம்பர் அப்படியே இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்திருந்தேன். அழுத்தவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. கருத்தம்மாளின் மருமகள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். பால்பாண்டியின் தலையை அவன் அக்கா தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் என் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதுசாக ஒரு கிழவர் பச்சைப் பட்டையோடு வந்து, "பேரு எழுதணுமாமே" என்று நின்றார். பேர் கேட்டேன். சொன்னார். பேனா பேப்பரில் இறங்கவில்லை. அவர் பேருக்குப் பதிலாகக் கருத்தம்மாள் என்று எழுதினேன். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் கருத்தம்மாள். பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்க இடது கையை நீட்டினேன், கை வரவில்லை. வேறு யாருடைய கையோ மாதிரி மடியில் கிடந்தது.

"ஏய்யா, என்ன ஒரு பக்கமா சாயுறீரு?" என்ற கருத்தம்மாள், அந்த வீங்கின காலை ஊன்றி எழுந்து நின்று கத்தினாள். "ஏ ஆத்தா, நர்ஸம்மா, இங்கன ஓடியா! ராவுத்தருக்கு என்னமோ பண்ணுது!"

நர்ஸம்மா வந்து கண்ணில் டார்ச் அடித்தாள். முகம் மாறியது. இடுப்பிலிருந்த கத்தரியால் என் பச்சைப் பட்டையை வெட்டிப் போட்டுவிட்டுச் சிகப்பைக் கட்டினாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. என்னைத் தூக்கும்போது நோட்டு நழுவி விழுந்தது. பால்பாண்டி நல்ல கையால் அதை எடுத்தான்.

எடுத்தவன் வழியில் வந்து நின்றான். "சிஸ்டர், இவரு கடைசி. இந்தா லிஸ்ட்டு இருக்கு, அவரே எழுதினது. நான் ஆறாவது. காலையில இருந்து உசிர் போற வலியில உக்காந்திருக்கேன். இவரு எப்படி முதல்ல போறாரு?"

கெட்ட பையன் இல்லை. வலி அவனைப் பேசவைத்தது. பின்னால் ரெண்டு மூணு குரல் 'அதானே' என்றது. அவன் சொல்றது சரிதான், இறக்கிவிடுங்க என்று சொல்ல எனக்கு வாய் எழுந்தது. நாக்குத்தான் எழவில்லை.

நர்ஸம்மா ஸ்ட்ரெச்சரை நிறுத்தவே இல்லை. தள்ளிக்கொண்டே சொன்னாள். "தம்பி, இங்கன முந்தி வந்தவுக முதல்ல இல்ல. முடியாதவுக முதல்ல. நகரு."

முடியாதவர்கள் முதலில். மேலே லைட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடின. முடியலத்தா என்று ஒரு குரல் கேட்டது. ஸ்டாண்டில், அத்தனை பேர் முன்னால், ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற குரல். அன்றைக்கு அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்தேன். அவன் முகம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்தாலும் எனக்குத் தெரியாது. அதை நினைத்து அந்த ஸ்ட்ரெச்சரில் கண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது.

உள்ளே போனதும் நர்ஸம்மாவின் கையைப் பிடித்தேன். வாய் குழறினாலும் சொல்லிவிட்டேன். "ரத்தம் எளகுற மாத்திரை திங்கிறேம்மா. ஸ்டென்ட் வச்சிருக்கு. ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். கூட யாரும் வரல."

அவளுக்குக் கோபம்தான். "காலையிலயே இதச் சொல்லிருந்தா பச்சையே கட்டிருக்க மாட்டேனேய்யா" என்றாள். டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்து, என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். என் விரலைப் பிடித்து வைத்துத் திறந்தாள். பட்டியலைத் தள்ளினாள், தள்ளினாள்.

"என்னய்யா இது, பூராம் நம்பரா இருக்கு? இதுல உங்க ஆளு எது?"

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழு" என்றேன். அப்படிச் சொன்னதாக நினைத்தேன். என்ன உளறினேனோ, எப்படியோ அவள் கண்டுபிடித்துவிட்டாள். மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எனக்கு எதுவும் தெரியாது.

கண் திறந்தபோது ரெண்டு நாள் போயிருந்தது. மண்டையைத் திறந்து, உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்களாம். ஆள் வருகிறவரை காத்திருக்க முடியாது என்று ரெண்டு டாக்டர்களே கையெழுத்துப் போட்டு ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோனார்களாம். இன்னும் ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு என்றார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருத்தன் நின்றான். தாடியில் ரெண்டு மூணு நரை. ஆரிப்புக்கு நரைத்துவிட்டது. எனக்குத் தெரியாமல் நரைத்துவிட்டது. எத்தனையோ பேசியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"உன் டர்ன் என்னாச்சு?"

"மூணாவதா நின்னேன். விட்டுட்டு வந்துட்டேன்" என்றான்.

அதோடு சரி. அப்புறம் அவன் டாக்டரிடம் பேசினான், மாத்திரை வாங்கி வந்தான், எனக்குக் கஞ்சி ஊட்டினான், மூத்திரப் பையை மாற்றினான். எல்லாம் செய்தான். என்னோடு பேச மட்டும் இல்லை. சானியா எப்படி இருக்கிறாள் என்று ஒரு தடவை கேட்டேன். "நாலாவது படிக்கிறா" என்றான். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்வான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அஞ்சாம் நாள் மத்தியானம். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்துகிடந்தது. ஆரிப் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் போன் ஸ்டூலின்மேல், மாத்திரைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் என் போனை எடுத்தேன். வலதுகையில் மட்டும்தான் தெம்பு. 4417 என்று இருந்த இடத்தில் பேரை மாற்ற வேண்டும். ஒரு எழுத்து அடித்தால் வேறு எழுத்து வந்தது. அழித்து அழித்து அடித்தேன். கால்மணி நேரமாவது ஆகியிருக்கும். ஆரிப். மூணே எழுத்து. பார்க்க நன்றாக இருந்தது. வெறும் நம்பர்களுக்கு நடுவில் ஒரே ஒரு பேர்.

கூப்பிட்டால் அந்தப் பேர் எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. சின்னப்பிள்ளை மாதிரி அழுத்தினேன். என் போனில் பெரிசாக ஆரிப் என்று வந்தது. ஸ்டூலில் இருந்த அவன் போன் அதிர்ந்து வெளிச்சம் போட்டது. என் பக்கம் பார்த்துத்தான் இருந்தது. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.

'கம்பம் டர்ன்.'

அவ்வளவுதான். அத்தா என்று இல்லை. நான் அவனை எப்படி எழுதி வைத்திருந்தேனோ, அவனும் என்னை அப்படியே எழுதி வைத்திருந்தான். போனை நிறுத்தக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அடித்துக்கொண்டே இருந்தது.

ஆரிப் எழுந்துவிட்டான். போனைப் பார்த்தான். என் கையில் இருந்த போனைப் பார்த்தான். பிறகு தன் போனை எடுத்து நிறுத்தி, குப்புறக் கவிழ்த்து வைத்தான். அவன் முகத்தை இந்தத் தடவை நன்றாகப் பார்த்தேன். தூக்கம் போதாத முகம். அம்சத்துடைய மூக்கு.

"என்ன வேணும்த்தா?"

அந்தப் பேரை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம். எந்த வாயால் கேட்பது?

"தண்ணி" என்றேன்.

அவன் டம்ளரில் ஊற்றி, தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக் கொடுத்தான். எனக்குத் தாகமே இல்லை. அவன் கையை எடுத்துவிடுவானே என்று இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.